முதல் கோடு

"அ" என்று வாயை அகலத் திறந்தான் நிரஞ்சன், அந்த எழுத்தைத் தானே பெற்று வளர்த்தவன் மாதிரி. மங்கையர்க்கரசியின் கை முதல் கட்டத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டது, போட்ட கையோடு இரண்டாவது கட்டத்துக்கு இறங்கித் தயாராக நின்றது. இவ்வளவுதானே, இதற்குப் போயா இத்தனை பேரும் காலையிலிருந்து பேயறைந்த மாதிரி அலைந்தார்கள். நாற்பத்தாறு எழுத்து. ஜப்பான்காரன் வீட்டில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள் படிக்கிற எழுத்து. அதைப் பரீட்சை எழுத இங்கே இருபத்திரண்டு பேர், தொந்தியும் வழுக்கையுமாக, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், கேன்டீன் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் அந்தப் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேஜை துடைத்த ஈரத்துணியின் நாற்றம் இன்னும் போகவில்லை. உள்ளே அடுத்த ஷிப்டுக்கு சாம்பார் கொதிக்கிறது, முள்ளங்கி, வாரத்தில் நாலு நாள் முள்ளங்கிதான், இந்தக் கம்பெனி ஜப்பான்காரன் கைக்குப் போனபோது சாப்பாடாவது மாறும் என்றார்கள், பெயர்ப்பலகை மாறியது, முள்ளங்கி மாறவில்லை. "மு" என்றான். மறுபடியும் குறுக்கே ஒரு கோடு. "நெ." நேராக ஒரு கோடு. மூன்றாவது கட்டம் ஆயிற்று. பத்து விநாடிக்கு ஓர் எழுத்து என்று கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொல்கிறான், எழுத்து வரிசையைக் கலைத்துப் போட்டுச் சொல்கிறானாம், பெரிய தந்திரம். சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் வருகிறவன், இருபத்தேழு வயசு, ஜப்பானுக்கு இன்னும் போனதே இல்லை, போகாமலேயே இடுப்பை ஒடித்து ஒடித்துக் கும்பிடு போடக் கற்றுக்கொண்டுவிட்டான். தன்னை 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொன்னான், வாத்தியார் என்று அர்த்தமாம். அவள் 'சார்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதுவே அவனுக்கு அதிகம்.

"கு." இது ஒரே இழுப்பில் முடிகிற எழுத்து, மூக்கு மாதிரி, முடித்தாயிற்று. எதிர் மேஜையில் ஸ்டோர்ஸ் குணாளன் உதட்டைக் குவித்துக் 'கு, கு' என்று முனகிக்கொண்டிருந்தார், அடைகாக்கிற கோழி தேவலை. தமிழும் ஜப்பான் பாஷையும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று போனில் யாரோ அனுப்பியதைப் படித்துவிட்டு வகுப்புக்கு வகுப்பு அதையே சொல்லுவார். "நம்ம 'அ'வும் அவன் 'அ'வும் ஒண்ணுதான் மேடம், நமக்கு ரத்தத்துலயே இருக்கு" என்பார். ரத்தத்தில் இருப்பது பேனாவுக்கு இறங்கவில்லை, போன பரீட்சையில் ஒன்பது வாங்கினார். இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவளுக்கு ஆறு வாரமாகத் தாங்க முடியாத விஷயம். பத்தொன்பது வருஷம். காருக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற ஒயர் கட்டைத் தயாரிக்கிற இந்த ஷெட்டில், நாற்பது பெண்கள் நிற்கிற லைனை, ஒன்பது வருஷமாக இன்சார்ஜாகக் கண்ணில் விரல் விட்டு ஆட்டி நடத்துகிறவள் அவள். நின்றுகொண்டே. லைன் இன்சார்ஜுக்கு நாற்காலி கிடையாது, இருந்தால் லைன் தூங்கிவிடும் என்பது பழைய முதலாளி காலத்திலிருந்து வருகிற சட்டம். முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சைப் புழுவாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது, புடவை மறைக்கிறது. இன்றைக்கு முப்பத்தைந்து மார்க்காவது வாங்குகிறவர்களில் மூன்று பேர் ஆறு மாசம் ஜப்பானுக்குப் போவார்கள், திரும்பி வந்ததும் செக்‌ஷன் ஹெட். கண்ணாடி அறை, ஏசி, கதவில் பெயர், உட்கார்ந்து பார்க்கிற வேலை. வாங்காதவர்கள் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். "சு." குறுக்கே கோடு. பட்டியலில் இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த வருஷம் அதைத் தொடப் பயந்த சகுந்தலாவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள், பேக்கிங்கிலிருந்து அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்கு, அங்கிருந்து எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது, ஒருநாள் பஸ்ஸில் அவள் உட்காருகிற ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மங்கையர்க்கரசிதான் அன்றைக்கு, "படிக்கத் துப்பில்லன்னா இப்படித்தான்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். சொன்னது சரிதானே. இப்போது எதற்கு அந்த முகம் வந்து நிற்கிறது.

"ரா." மேலே ஒரு புள்ளி. "தா." குறுக்கே கோடு. பக்கத்தில் பியூலா இன்னும் 'ரா'விலேயே இருந்தாள். எழுதுவதைப் பார், எழுதுவதை, பேனாவைத் தூக்கி, நிறுத்தி, எழுதினதைத் தலை சாய்த்துப் பார்த்து, அதற்குள் வாயில் அந்தச் சத்தத்தைச் சொல்லி, குழந்தைக்குப் பொட்டு வைக்கிறவள் மாதிரி. சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள், இருபத்து மூன்று வயசு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. எத்தனை தடவை 'மேடம்' என்று சொல்லச் சொல்லியும் 'அக்கா'தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போர்டில் ஒயர் பதிக்கிற வேலையில் இவளால் லைனே தேங்கியது. "நீ ஒயர் கட்ட வந்தியா, பூக் கட்ட வந்தியாடி?" என்று கேட்டதும் லைன் முழுக்கச் சிரித்தது, அன்றைக்கே இவளை டேப் சுற்றுகிற மேஜைக்குத் தள்ளிவிட்டாள். யார் வேண்டுமானாலும் வகுப்புக்கு வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், இதுவும் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. வகுப்பில் ஒரு மணி நேரத்தில் மற்றவர்கள் எட்டு வரி எழுதினால் இது இரண்டு வரி. மங்கையர்க்கரசி இருபது வரி. அதற்கு மூளை வேண்டும். பயிற்சி நோட்டில் இடது ஓரத்தில் எழுத்து அச்சடித்திருக்கும், அதற்கு நேரே இருபது கட்டம். மற்ற மண்டூகங்கள் ஒவ்வொரு கட்டமாக முழு எழுத்தை எழுதி எழுதிப் போவார்கள். அவள் முதலில் இருபது கட்டத்திலும் குறுக்குக் கோட்டை மட்டும் போட்டுக்கொண்டே போவாள், சரசரவென்று, பிறகு திரும்பி வந்து இருபதிலும் நேர்கோடு, பிறகு இருபதிலும் சுழி. இருபது எழுத்தும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். லைனில் அப்படித்தானே. ஒருத்தி கிளிப் மாட்டுவாள், மாட்டிக்கொண்டே இருப்பாள். ஒருத்தி டேப் சுற்றுவாள், சுற்றிக்கொண்டே இருப்பாள். ஒரு முழு ஒயர் கட்டை முதலிலிருந்து கடைசி வரை தன் கையால் கட்டியவர் அந்தக் கம்பெனியில் ஒருத்தர்கூடக் கிடையாது, ஆனாலும் நாளைக்கு ஆயிரத்து நூறு கட்டு வாசலைத் தாண்டிப் போகிறது. ஏழாம் வகுப்பில் ஸ்டெல்லா டீச்சர் இம்போசிஷன் கொடுத்தபோதும் இதே வித்தைதான், 'நான்' என்று நூறு தடவை மேலிருந்து கீழே, பக்கத்தில் 'வகுப்பில்' நூறு, பக்கத்தில் 'பேசமாட்டேன்' நூறு. டீச்சர் அழகாக இருக்கிறது என்று சொல்லி மற்ற பிள்ளைகளுக்குக் காட்டினாள், ஒரு தடவைகூட அவள் அதை வாக்கியமாக எழுதவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரியாத டீச்சர். நிரஞ்சனும் அப்படித்தான், அவள் நோட்டை எச்.ஆர். அறைக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினான். "பிரிண்ட் மாதிரி இருக்கு மேடம்" என்றான். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நோ." இது ஒரே சுழி, ஆயிற்று. "ஹொ." நேர்கோடு. "ஓ." குறுக்குக் கோடு. கை தானாகப் போகிறது, அவள் அதன் பின்னால் போனால் போதும். முதல் சுற்றில் முதல் கோடு, கடைசியில் ஐந்து நிமிஷம் சரிபார்க்கத் தருவான், அப்போது இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, கைக்குப் பழகின வேலை. "மா." குறுக்குக் கோடு. "ச." குறுக்குக் கோடு. இத்தனை எழுத்தா குறுக்குக் கோட்டில் தொடங்குகிறது, இந்த ஜப்பான்காரனுக்கு வேறு யோசனையே தோன்றவில்லையா. "கி." குறுக்குக் கோடு. சும்மா ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று கண்ணை மேலே ஓட்டினாள். முதல் கட்டத்தில் ஒரு குறுக்குக் கோடு. இரண்டாவதில் ஒரு குறுக்குக் கோடு. முதலாவது 'அ', அது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது என்ன சொன்னான். 'மா'வா, 'மு'வா, 'சு'வா. ஐந்தாவதில் ஒரு குறுக்குக் கோடு. ஏழாவதில் ஒன்று. சீ, இதற்கா பதற்றம், யோசித்தால் வரும். "யு" என்று அதற்குள் சொல்லிவிட்டான், கை கோட்டைப் போட்டுவிட்டு இறங்கியது, நில்லு, இதையாவது முழுசாக எழுது, இரண்டாம் கோடு எங்கே, நடுவிலா, ஓரத்திலா, கீழே வளையுமா வளையாதா. பார்த்தால் படிப்பாள், போன வாரம் படிக்கிற பரீட்சையில் நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. ஆனால் எதைப் பார்ப்பது. நோட்டில் இடது ஓரத்தில் அச்சு எழுத்து இருந்தது, இரண்டாம் சுற்றுக்கு வரும்போதெல்லாம் கண் அங்கேதான் போய் ஒட்டிக்கொண்டு வந்தது, இந்தத் தாளில் இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான் இருக்கிறது. "செ." கை குறுக்கே கோடு போட்டது. அட நாயே, நில்லு என்கிறேன். அவள் கையை அவளே அதட்டினாள். ஆறு வாரம், நாலு நோட்டு, ஆயிரக்கணக்கில் 'அ' எழுதியிருக்கிறாள், ஒரு 'அ'வைக்கூட எழுதவில்லை. குறுக்குக் கோடுகளை எழுதியிருக்கிறாள். நேர்கோடுகளை எழுதியிருக்கிறாள். சுழிகளை எழுதியிருக்கிறாள். "ஃபு" என்று நிரஞ்சன் விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி சொன்னான், ஒரு புள்ளி வைத்தாள், குணாளன்கூட முழுசாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

எழுத்துகள் தீர்ந்தன. "சரிபாருங்க, அஞ்சு நிமிஷம்" என்றான். அவள் எண்ணினாள், ஒரே இழுப்பில் முடிகிற எழுத்துகள் பதினொன்று, அவை மட்டும் முழுசாக நின்றன, மீதி முப்பத்தைந்து கட்டமும் ஒரு கோடோ ஒரு புள்ளியோ, செங்கல் ஏற்றாத அஸ்திவாரம் மாதிரி. தலைசுற்றல் என்று சொல்லலாம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று மேஜை மேல் தலையைச் சாய்த்தால் போதும், முதலில் அவளுக்குத்தான் தண்ணீர் கொண்டு ஓடி வருவான், அவளுக்கென்று இன்னொரு நாள் தனியாகப் பரீட்சை வைப்பார்கள், பிரிண்ட் மாதிரி எழுதுகிறவளுக்கு வைக்காமல் யாருக்கு வைப்பார்கள். தாளை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது. மடிக்கலாமா என்று ஓரத்தைப் பிடித்தபோதுதான் பக்கத்துத் தாள் நகர்ந்தது தெரிந்தது. பியூலா தன் இடது முழங்கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள், தாள் ஒரு ஜாண் இந்தப் பக்கம் வந்து படுத்திருந்தது. நாற்பத்தாறும் இருந்தன. ஒன்று போல ஒன்று இல்லை, ஒன்று கொழுத்தும் ஒன்று சாய்ந்தும், ஆனால் ஒவ்வொன்றும் முழுசாக, கையும் காலுமாக. பார்த்துவிட்டாள். எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் இந்தச் சனியன். மங்கையர்க்கரசி அந்த முகத்தில் கேலியைத் தேடினாள். உதட்டோரம் இருக்க வேண்டும், கண்ணின் கடைசியில் இருக்க வேண்டும், அவள் அந்த இடத்தில் இருந்திருந்தால் இருந்திருக்கும், இரண்டு வருஷத்து ஏளனத்துக்கு ஒரு சின்னப் பதிலாவது இருந்தே தீர வேண்டும். இல்லை. பஸ்ஸில் கைக்குழந்தையோடு நிற்கிறவளைப் பார்த்து எழுந்துகொள்கிறவளின் முகம், அவ்வளவுதான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சிரித்திருந்தால் பொறுத்திருப்பாள். டேப் சுற்றுகிறவள், பூக் கட்டுகிறவள், இவள் போடுகிற பிச்சையில் நான் முப்பத்தைந்து வாங்கி, அந்தக் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்து, தினமும் இந்த மூஞ்சியைக் கதவு வழியாகப் பார்க்க வேண்டுமா.

"சார்," என்றாள், லைனில் கூப்பிடுகிற குரலில். "இந்தப் பொண்ணு பேப்பரைக் காட்டுறா." இருபது தலைகளும் திரும்பின. நிரஞ்சன் வந்தான். "யாருக்கு மேடம்?" "எனக்குத்தான்." அவன் சிரித்தே விட்டான், குணாளன் தொடங்கிப் பின்வரிசை வரை எல்லோரும் சிரித்தார்கள். "உங்களுக்கு இவ காட்டுறாளா? என்ன மேடம் நீங்க, பாவம் பாத்து மாத்திச் சொல்றீங்க." பியூலாவின் பக்கம் திரும்பியதும் குரல் மாறியது. "எந்திரி. மேடம் பேப்பரைப் பாத்து எழுதினியா?" பியூலா எழுந்தாள். மேஜையில் மங்கையர்க்கரசியின் கை மூடியிருந்த தாளைப் பார்த்தாள், அந்தத் தாளில் பார்த்து எழுத ஒன்றுமே இல்லை என்று இந்தக் கேன்டீனில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பிறகு அவளைப் பார்த்தாள். "ஆமா சார்," என்றாள். "நாந்தான் பாத்தேன். அக்காவ ஒண்ணுஞ் சொல்லாதிய." அவன் பியூலாவின் தாளை உருவி, மேலிருந்து கீழே சிவப்பு மையால் ஓர் இழுப்பு இழுத்தான், நாற்பத்தாறு எழுத்தின் மேலும். "வெளிய போ. அடுத்த வகுப்புக்கும் வர வேணாம்." அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளியே கை கழுவுகிற குழாய்ப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நிரஞ்சன் தூரத்து மேஜையிலிருந்து தாள்களை வாங்கத் தொடங்கினான். நேரம் இருந்தது. இப்போது தலையைச் சாய்த்தால் போதும். தாள் மடியில் போய்விடும், அடுத்த வாரம் இன்னொரு தாள் வரும், ஒரு வாரத்தில் இரண்டு கோடா வராது. சாய்த்துவிடு. முட்டாள் பெண், யார் கேட்டார்கள் உன்னை, 'ஆமா சார்' என்று சொல்லச் சொல்லி யார் கேட்டார்கள், உன் பெயர் பட்டியலில் வந்திருக்குமே, உனக்குத்தானே வந்திருக்கும், இந்தக் கூட்டத்தில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நீதானே, கழுதை. திட்டத் திட்ட வாய் வறண்டது. இன்னும் கேவலமாக ஏதாவது சொல்லிப் பார்த்தாள், மனசுக்குள்தான், பூக் கட்டுகிறவள் என்றாள், மந்தம் என்றாள், எதுவும் அந்தக் குழாய்ப் பக்கம் வரை போகவில்லை, எல்லாம் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தன. ஆறு வாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இப்படி மெதுவாக எழுதுகிறதே என்று பார்த்தாளே தவிர, என்ன எழுதுகிறது என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பழக்கமில்லாத இடத்தில், தொண்டைக்குக் கீழே, வெட்கமாக இருந்தது.

எழுந்தாள். பெஞ்சு பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் கிறீச்சிட்டது. "சார், அந்தப் பொண்ணை உள்ள கூப்பிடுங்க. அவ என்னதைப் பாக்கல. இதுல பாக்க என்ன இருக்கு, நீங்களே பாருங்க." தாளைத் தூக்கி நீட்டினாள், எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில். நிரஞ்சன் வந்து வாங்கினான். எது மேல் பக்கம் என்று தெரியாமல் ஒரு தடவை திருப்பிப் பார்த்தான், நம்பரைப் பார்த்து மறுபடி நேராக்கினான். கோடு, கோடு, புள்ளி, கோடு. "மேடம்," என்றான், குரல் இறங்கியிருந்தது, "மீதி எங்க மேடம்?" உள்ளே சாம்பாரில் யாரோ கரண்டியை விட்டுக் கிண்டினார்கள். பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்குள் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை, அது தமிழில் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. "எனக்குத் தெரியாது சார்" என்றாள். சொல்லிவிட்டு, யார் முதலில் சிரிக்கப்போகிறார்கள் என்று இருபது முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.